ஆனிகட்டுக்குக் கதவில்லை

பலகையார் செய்தது தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் அந்தத் தப்பை அவர் தனியாகச் செய்யவில்லை. என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே அவரைச் செய்யவைத்தார்கள். எனக்கு வயிறு எரிகிறது என்றால் சும்மா எரியவில்லை.

என் கடை ஆற்றங்கரையில், பொதுப்பணித் துறை செக்சன் ஆபீசுக்கு எதிரே இருக்கிறது. கடையை ஒட்டி வரிசையாகச் சில குவார்ட்டர்ஸ் வீடுகள். கடைசி வீடு பலகையாருடையது. வீடு என்று சொல்லக் கூடாது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் தகரச் சாய்ப்பு. சாய்ப்பில் நின்று அவர் பெண்டாட்டி இஸ்திரி போடுவாள். விடியற்காலையில் கரியை மூட்டி, பெட்டியை வீசி வீசிக் கங்கு ஏற்றுவாள். அந்தப் புகைதான் எனக்குக் கடிகாரம். புகை வந்தால் நானும் பாலை அடுப்பில் வைப்பேன்.

ஆற்றின் குறுக்கே ஒரு பழைய கருங்கல் சுவர் கிடக்கிறது. அணைக்கட்டு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அது தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய அணை இல்லை. வருகிற தண்ணீரைக் கொஞ்சம் மறித்து வாய்க்காலில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலே வழியவிடும். கோடையில் ஆறு இளைத்துப்போனால் தண்ணீர் வாய்க்கால் மட்டத்துக்கு எட்டாது. அப்போது சுவரின் மேல் நட்டிருக்கிற இரும்புத் தூண்களுக்கு இடையே பலகைகளைச் சொருகி மட்டத்தை ஒரு முழம் உயர்த்துவார்கள். மழை பிடிப்பதற்குள் அத்தனையையும் உருவிவிட வேண்டும். இதுதான் பலகையார் வேலை. அவர் மேற்பார்வையில் இரண்டு கூலியாட்கள்.

பலகை சொருகுவதில் ஒரு முறை உண்டு. தூணில் பலகை உட்காருகிற பள்ளத்துக்கு, அதாவது காடிக்கும், பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடவேண்டும். மரம் ஊறினால் பெருக்கும். இடம் விடாமல் அடைத்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் யார் அப்பன் வந்தாலும் உருவ முடியாது. இடம் விட்டால் சந்து சந்தாகத் தண்ணீர் பீச்சும். பீச்சிவிட்டுப் போகட்டும். அவர் அப்படித்தான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார். சுவருக்குக் கீழே துணி துவைக்கிறவர்கள் அந்தப் பீச்சலில்தான் தலையையும் நனைத்துக்கொண்டு வருவார்கள்.

அந்த வீட்டில் குழந்தை இல்லை. பிள்ளை என்று இருந்தது இஸ்திரிக்காரியின் தம்பி ஒருவன்தான். பெற்றவர்கள் போனபிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். ஊரார் சட்டையைத் தேய்த்துத் தேய்த்து அவனைப் படிக்கவைத்தாள். அவன் காலேஜில் வேலைக்குச் சேர்ந்து, டவுனில் வீடு கட்டி, கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகளும் ஆகிவிட்டது. காலேஜில் அவன் சாதாரண லெக்சரர்தான். எங்கள் தெருவுக்குப் புரொபசர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பை சட்டையோடு வருவான். அக்கா தேய்த்தால்தான் காலர் நிற்கும் என்பான். அவளுக்கு அதைக் கேட்டால் போதும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேச்சை ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க தினமும் ஏறி நிக்கிறீங்களே, அந்தச் சுவருக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தெரியுமா?"

"டேம்" என்றார் பலகையார்.

"டேம் வேற மாமா. டேம்னா தேக்கி வைக்கிறது. இதுக்குப் பேரு ஆனிகட்."

"என்ன கட்டு?"

"ஆனிகட். நம்ம அணைக்கட்டேதான்! வெள்ளைக்காரன் வந்து பாத்திருக்கான். ஆத்துக்குக் குறுக்க கல்லப் போட்டுத் தண்ணியத் திருப்பி வச்சிருக்காங்க. அவன் ஊர்ல இப்படி ஒண்ணு செய்யத் தெரியல. இது என்னடான்னு கேட்டிருக்கான். நம்ம ஆளுங்க சொன்னத அவன் வாய்க்கு வந்த மாதிரி எழுதிக்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கு அவனோட அகராதியில இருக்கு."

"அப்ப இங்கிலீஷ்காரனுக்கு நாம குடுத்ததா?"

"நாம குடுத்தது மாமா. உங்கள மாதிரி ஆத்துல எறங்கி வேலை பாத்தவன் குடுத்தது."

பலகையாருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னார். வந்து என்னிடம் மறுபடியும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பதே அவருக்கு நினைவில்லை. அன்றைக்குப் பால்காரர், லாரி டிரைவர், யார் வந்தாலும் நிறுத்தி வைத்து, "ஆனிகட்னா என்ன தெரியுமா?" என்று கேட்டார்.

"யோவ், ஒரு டீ குடிக்க வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறியே" என்றார் லாரி டிரைவர்.

புரொபசரின் கட்டுரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் ஊரில் ஒரு விழாக் குழு முளைத்தது. அவன்தான் செயலாளர். அந்தச் சொல்லைக் கல்லில் செதுக்கி அணைக்கட்டுக் கரையில் நடுவதென்று முடிவானது. மந்திரி திறந்து வைக்கப்போகிறார் என்றார்கள். காலேஜில் பெரிய நாற்காலி ஒன்று காலியாகிறது, இந்த விழா நன்றாக நடந்தால் அது தம்பிக்குத்தான் என்று இஸ்திரிக்காரி என் காதில் சொன்னாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் ஒரு போட்டோகிராபரோடு வந்தான். மந்திரி எங்கே நிற்பார், பின்னால் என்ன தெரியும் என்றெல்லாம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாமா, படத்துல பாத்தா ஓட்டை வாளி மாதிரி இருக்கு. பலகைக்கு நடுவுல எல்லாம் பீச்சுது."

"அது பீச்சத்தான் செய்யும் மாப்ளே."

"மந்திரிக்குப் பின்னால அது ஒழுகிக்கிட்டு நின்னா ஊரு சிரிக்காதா? தண்ணி தளும்ப நிக்கணும். மேலாக்க ஒரே தகடா வழியணும். ஒரு நாள் கூத்துக்குத்தானே?"

பலகையாருக்கு மேலதிகாரியான ஓவர்சியரும் அப்போது பெஞ்சில் இருந்தார். பன்னை டீயில் முக்கிக்கொண்டே, "மந்திரி வர்ற எடம். பாத்து நல்லபடியாச் செய்ங்க" என்றார். செய்யச் சொன்னதாகவும் வைத்துக்கொள்ளலாம், சொல்லாததாகவும் வைத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பேசத் தெரிந்தவர்கள்தான் ஓவர்சியர் ஆகிறார்கள்.

பலகையார் மறுநாள் சணலும் தாரும் வாங்கி வந்தார். சணலைத் திரித்துத் தாரில் முக்கி, சந்து விடாமல் உளியால் குத்திக் குத்தி அடைத்தார். காடியில் இருந்த ஒரு விரல் இடத்திலும் மரச்சில்லு வைத்து இறுக்கினார். கூலியாட்களில் மூத்தவன், "எடுக்கும்போது மல்லுக்கட்டணுமே" என்று முனகினான். "எம்மச்சானோட விழாடா, வாய மூடு" என்றார் இவர். எல்லாம் தெரிந்த மனுஷன்தான். ஆசை கண்ணை மறைத்தது. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஒரு சொட்டுக் கசியவில்லை. தண்ணீர் பலகைக்கு மேலே கண்ணாடி மாதிரி வழிந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மந்திரி வரவில்லை. தேதி தள்ளிப்போனது. தள்ளின தேதியும் தள்ளிப்போனது. அதற்குள் மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. பலகையார் கொக்கிச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனவர், வழியில் என் கடையில் புரொபசரைப் பார்த்து நின்றார்.

"மாப்ளே, எடுத்துடறேன். மேல மழ பிடிச்சிருச்சின்னா வம்பு."

"இன்னும் ரெண்டே நாள் மாமா. மந்திரி ஆபீஸ்ல நிச்சயமாச் சொல்லிட்டாங்க. இப்ப எடுத்தா திரும்பப் போட்டு அடைக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப விடுங்க. எனக்காக. எங்க அக்கா மேல சத்தியமா, இது ஒண்ணு மட்டும் செய்ங்க."

பலகையார் சங்கிலியை என் கடைக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு டீ சொன்னார்.

அடுத்த நாள் காலையில் இங்கே ஒரு தூறல்கூட இல்லை. மேலே கொட்டித் தீர்த்திருக்கிறது. மதியம் ஆறு காப்பிக் கலரில் வந்தது, மரக்கிளையும் செத்த ஆடுமாக. பலகையாரும் ஆட்களும் சுவர்மேல் ஓடினார்கள். கொக்கியை மாட்டி மூன்று பேரும் இழுத்தார்கள். ஒரு பலகை அசையவில்லை. ஊறிப் பெருத்து, தாரும் சணலுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் நெம்பினார்கள். பலகையார் கோடாரி கொண்டுவந்து இரண்டு பலகையை உடைத்தார். அதற்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. ஆட்கள் அவரை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். வரமாட்டேன் என்று அவர்களை அடித்தார். அவருக்கு இரண்டு விரலில் நகம் இல்லை.

பலகை மறித்ததில் வழிய இடம் போதாத தண்ணீர் பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்குள் புகுந்தது. பகல் என்பதால் ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். ஓட முடியாதவர் ஒருவர்தான். வாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்த தையல்காரர். பெண்டாட்டி வேலைக்குப் போயிருந்தாள். கதவை வெளியே தாழ்போட்டுவிட்டுப் போவாள், நாய் நுழையாமல் இருக்க. நல்ல மனுஷன். என் கடைத் திரையெல்லாம் அவர் தைத்ததுதான். தண்ணீர் வடிந்து அவர் உடலைத் தூக்கும்போது பலகையார் அங்கே போய் நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரர் பெண்டாட்டி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "எடுக்கணும்னு உனக்குத் தெரியாதாய்யா?" என்று கேட்டாள். அவர் திரும்பி வந்து சாய்ப்பில் குந்திக்கொண்டார். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

விசாரணை என்று வந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பென்ஷன் போகும். இத்தனைக்கும் ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. விசாரணைக்கு முதல் நாள் மாலை தம்பி வந்தான். நான் பால் பாத்திரம் வாங்கப் போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டா" என்றாள் இஸ்திரிக்காரி. "நாங்கதான் எடுக்க வேணாம்னு கேட்டுக்கிட்டோம்னு சொல்லு. முழுப்பழியையும் நீ ஏத்துக்க வேணாம். குழு கேட்டுச்சுன்னு சொல்லு. ஒத்த ஆளு தலையில விழாம இருந்தா தண்டனைய கொறைப்பாங்களாம். ஆபீஸ் பியூன் சொன்னாரு."

"சொல்றேன்க்கா."

"உன் வேலைக்கு எதுவும் வந்துருமாடா?"

"தெரியலக்கா."

"வரும்னா சொல்லாத" என்றார் பலகையார் மூலையிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க! என்ன வரப்போவுது? அவன் என்ன கொலையா பண்ணான்?" அவள் தம்பியின் தட்டில் இன்னும் சோறு போட்டாள். "சாப்பிடுடா. எளச்சுப் போயிட்ட. நாளைக்கு அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுக்க, தேச்சு வச்சிருக்கேன்."

"கண்டிப்பாச் சொல்றேன்க்கா. மாமா எனக்கு அப்பா மாதிரி இல்லையா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் அது நிஜமாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் செக்சன் ஆபீசில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். டீ கொண்டுபோன நான் தட்டோடு சுவரோரமாக நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரி ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகையார் நடந்ததை நடந்தபடி சொன்னார். சணல், தார், மரச்சில்லு எதையும் மறைக்கவில்லை.

பெரிய இன்ஜினியர் புரொபசரைப் பார்த்தார். "உங்க விழாவுக்காகத்தான் எடுக்காம வச்சிருந்தேன்னு இவர் சொல்றார். உண்மையா?"

புரொபசர் எழுந்தான். வெள்ளைச் சட்டை. காலர் கத்தி மாதிரி நின்றது.

"சார், அதுக்கு முன்னால ஆனிகட்னா என்னன்னு ஒரு ரெண்டு நிமிஷம் சொல்லிடறேன். அப்பதான் விஷயம் தெளிவாகும்."

ஆரம்பித்தான். அந்தச் சொல் எப்படி இங்கேயிருந்து கப்பலேறிப் போனது, எந்த எந்த அகராதியில் எப்படி எழுதியிருக்கிறது, டேமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் எல்லாம் சொன்னான். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. பலகையார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மச்சான் பேசுகிற அழகில் தன் கஷ்டமே மறந்துபோய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"ஆக சார், ஆனிகட்ங்கிறது வெறும் சுவர். அதுக்குக் கதவு கிடையாது, ஷட்டர் கிடையாது. திறக்கிறது மூடுறதுங்கிற பேச்சே இல்ல. வெள்ளம் வந்தா தலைக்கு மேல போயிடும். அதனாலதான் இத்தனை காலமா நிக்குது."

"அப்ப இந்தப் பலகை?"

"பலகை அதுல சேர்த்தி இல்ல சார். வேலை பாக்கறவங்க பின்னாடி தங்களோட வசதிக்குப் போட்டுக்கிட்டது. நான் பாத்த எந்த விளக்கத்துலயும் பலகை கிடையாது. நாங்க விழா எடுத்தது அந்தச் சொல்லுக்கு. பலகைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல."

ஓவர்சியர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "நம்ம வரைபடத்துலயும் பலகை கிடையாதுங்க ஐயா."

பெரிய இன்ஜினியர் பலகையாரிடம் கேட்டார். "பலகை சுவரோட சேர்ந்தது இல்ல, நீங்க போடுறதுதான். சரியா?"

அவர் இன்னும் அந்தப் பேச்சின் மயக்கத்திலேயே இருந்தார். "ஆமாங்க. நாங்க போடுறதுதான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, என் கடையில வச்சுத்தான் கெஞ்சினாரு. ரெண்டு நாள் எடுக்காதீங்கன்னு அக்கா மேல சத்தியம் பண்ணிக் கேட்டாரு. ஓவர்சியரும் பன்னு தின்னுக்கிட்டே பாத்துச் செய்ங்கன்னாரு. எங்காதால கேட்டேன்" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"டீக்கடை."

"டீ குடுத்தாச்சில்ல? கெளம்புங்க."

ஆனாலும் அவர் புரொபசரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "என் விருப்பத்தைச் சொன்னேன் சார். உத்தரவு போட எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

அப்போதுதான் பலகையாருக்கு உறைத்தது. தலையாட்டல் நின்றது. நான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பியில் கை இல்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய போர்வையோ. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"தீஞ்சுடும்டி" என்றேன்.

"பெரியக்கா, அவன் என்ன சொன்னான்? எனக்கு வெளிய நின்னதுல சரியாக் கேக்கல" என்றாள். நன்றாகக் கேட்டிருந்தது. என் வாயால் ஒருதரம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. நான் சொன்னேன். நாலு கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். உப்புப் போட்டுத்தானே சோறு தின்றான் என்றும் கேட்டேன்.

பலகையார் உள்ளே வந்தார். "அவன வையாதீங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க வச்சிருக்கான். பொழச்சுப் போகட்டும்."

"பொழைக்கட்டும்" என்றாள் அவள்.

"செஞ்சது நான்தானே? ஒரு விரல் விடாம அடச்சது யாரு? தையக்காரரு வந்து என்கிட்டதானே கேப்பாரு, அவன்கிட்டயா கேப்பாரு?"

"அதுக்கு நீங்க அழுதுட்டுப் போங்க, யாரு வேணாங்கிறா? நான் அவன ஒரு வார்த்தை கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை." பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊளையிட்டு அழுதாள். பெற்றவர்களை நினைத்துக்கூட அவள் இப்படி அழுததில்லை என்று பிறகு பலகையார் என்னிடம் சொன்னார்.

உத்தரவு வந்தது. வேலை இல்லை, பென்ஷன் இல்லை, வீட்டைக் காலி செய்யவேண்டும். ஓவர்சியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவருடைய சொந்த ஊருக்குப் பக்கமாக. அவரே கேட்டு வாங்கியது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் கிளம்பியது ஒரு மத்தியானம். ஒரு தள்ளுவண்டிக்குள் அடங்கிவிட்டது அத்தனை வருஷத்துக் குடித்தனம். பாயும் பாத்திரமும் இஸ்திரி மேஜையும் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது ஆட்டோவில் வந்து இறங்கினான் புரொபசர். முகம் கறுத்துக் கிடந்தது. கையில் சாவி.

"அக்கா, நம்ம வீட்டு மாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கேன். வண்டிய அங்க விடச் சொல்லு."

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டு இழுத்து இறுக்கினாள். பிறகு திரும்பி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றாள்.

அவன் சாவியை நீட்டினான். "அக்கா..."

"சொல்லுங்க சார்."

"என்னை அடிக்கா. செருப்பக் கழட்டி அடி. இப்படிப் பேசாத."

"ஐயையோ, என்ன சார் நீங்க, பெரிய படிப்புப் படிச்சவங்க. வெயில்ல நிக்கிறீங்களே. உக்காருங்க சார். பெரியக்கா, சாருக்கு ஒரு டீ குடுங்க. சக்கரை கம்மியாக் குடிப்பாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. தேய்த்த துணியை வாங்க வருகிற வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அதே குரல். அவள் வண்டிக்குப் பின்னால் போய்த் தள்ளக் கை கொடுத்தாள். பலகையார் முன்னால் இழுத்தார். போகிறபோது அவர் மட்டும் திரும்பி, "மாப்ளே, ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவள் அவர் முதுகைப் பார்த்து, "நேரா பாத்து இழுங்க, பள்ளம் இருக்கு" என்றாள்.

நான் டீ போட்டேன். சொன்னாளே, அதற்காகப் போட்டேன். அவன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான், குடிக்கவில்லை. வண்டி திருப்பத்தில் மறைந்தபிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைக் கேட்டான்.

"எங்க போறாங்கன்னு உங்ககிட்ட எதுவும் சொன்னாங்களா?"

சொல்லியிருந்தாள். தெரு, வீடு, பக்கத்தில் என்ன கடை என்பது வரைக்கும் சொல்லியிருந்தாள்.

"தெரியாது சார்" என்றேன்.